நோயாளரின் தோழர் புனித கமில்லஸ்

மருத்துவமனைகளுக்கும் நோயாளருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை நமக்குத் தந்துள்ள புனித கமில்லஸ் தெ லெல்லிஸ், வாழ்நாளெல்லாம் காலில் ஆறாத புண்ணைச் சுமந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1550-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் இத்தாலியின் புக்கியானிக்கோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, தந்தையைப் போலப் போர்வீரரானார். சூதாட்டம் அவரை அடிமை கொண்டது. காற்புண்ணுக்காக உரோமையில் புனித யாகப்பர் மருத்துவமனையில் சேர்ந்து அங்கேயே வேலையும் பார்த்தார். சூதும் சண்டையும் அவ்வேலையைப் பறித்தன. 1574-இல் நேப்பிள்சில் அனைத்தையும் தோற்று, மன்பிரெதோனியாவில் கப்புச்சின் மடத்துக் கட்டட வேலையில் கூலியாளானார். அங்கேதான் 1575 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், மனந்திரும்பினார்.

துறவியாக விரும்பினார், புண் தடுத்தது. வெளியேற்றிய மருத்துவமனைக்கே திரும்பிவந்து, நாளடைவில் அதன் மேற்பார்வையாளரானார். கூலிக்கு உழைத்தோரின் அசட்டையால் நோயாளர் வாடுவதையும், ஆறுதலின்றி மாள்வதையும் கண்ணுற்றார். கூலி கருதாது, அன்பினால் பணிபுரிவோரைத் திரட்ட 1582-இல் உறுதி கொண்டார். 1584-இல் குருப்பட்டம் பெற்றார். 1586-இல் அவரது குழுவை ஏற்ற பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ், உடையில் சிவப்புச் சிலுவை அணியவும் அனுமதித்தார். 1591-இல் அது துறவற சபையாயிற்று. உயிருக்கே ஆபத்து நேரினும் நோயாளரைப் பேணுவோம் என்பது அவர்களது நான்காம் வார்த்தைப்பாடு.

செபம் ஒன்று, மருத்துவப் பணி வேறொன்று என்று அவர் பிரித்ததில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்ட குருக்களே கஞ்சியும் ஊட்டினர், புண்ணைக் கழுவினர், படுக்கையைச் சீர்செய்தனர். நோயாளியிடம் கிறிஸ்துவையே அவர் கண்டார். 1598-இல் தைபர் நதி பெருக்கெடுத்து உரோமையின் தூய ஆவி மருத்துவமனைக்குள் புகுந்தபோது, புண்பட்ட காலோடு நோயாளரைச் சுமந்து மேல்மாடியில் சேர்த்தார்.

1614 ஜூலை 14-இல் உரோமையில் இறைவனடி சேர்ந்தார். 1746-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். 1886-இல் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும், 1930-இல் செவிலியருக்கும், புனித இறை யோவானோடு பாதுகாவலரானார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நோயுற்றோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், நல்லதே. ஆனால் மருந்து கிடைத்தும் பேச்சுத்துணை கிடைக்காமல் கட்டிலில் கிடப்போர் நம் தெருவிலும் உண்டு. அவர்களுக்கு நற்கருணை கிடைக்கப் பங்குக் குருவிடம் சொல்வதும், ஒரு வேளை அருகிலிருந்து உணவூட்டுவதும் நம்மால் இயலாதவை அல்ல. நாம் எடுக்கும் விழா அவர்களது வாசலையும் எட்டட்டும். புனித கமில்லஸ் நமக்காக இறைவனை மன்றாடுவாராக!