வாஞ்சியும் பொன்னம்மாளும்

செங்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் வாஞ்சிநாதன். புனலூர் காட்டு இலாகாவில் வேலை. இளம் மனைவி பொன்னம்மாள். நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

1908-ல் கப்பலோட்டிய சிதம்பரனார் சிறை புகுந்தார். ஆஷ் துரையே காரணம் என்று இளைஞர்கள் கொதித்தார்கள். வாஞ்சி ரகசியச் சங்கத்தில் சேர்ந்தார். புதுச்சேரி சென்று துப்பாக்கி சுடப் பழகினார். மனைவியைவிட மண்ணே பெரிதாகிவிட்டது.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மனைவியுடன் வண்டியில் அமர்ந்திருந்தார். வாஞ்சி சுட்டார். ஆஷ் மாண்டார். அங்கேயே வாஞ்சி தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் விட்டார். வயது 25.

ஒரே நாளில் இரண்டு பெண்கள் கணவனை இழந்தார்கள். ஒருத்தி கண்ணெதிரே, மற்றொருத்தி தொலைவில்.

இன்று அந்த நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. வாஞ்சியை நினைக்கும்போது பொன்னம்மாளையும் நினைக்க வேண்டும். அவர் உயிரைக் கொடுத்தார். அவள் வாழ்வைக் கொடுத்தாள்.