ஹென்றி ஃபோர்டின் தனியாட்சி

தொழில் நடத்துவோருள் தம் சொல்லே சட்டமென ஆள்வோரும் உளர். பொறுப்பைப் பலர்க்கும் பகிர்ந்தளிப்போரும் உளர். முன்னவர்க்குத் தக்க சான்று ஹென்றி ஃபோர்டு.

1863இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், 1903இல் மோட்டார் நிறுவனம் தொடங்கி, 1908இல் 'டி' மாடல் காரை வெளியிட்டார். 1913இல் வகுத்த நகரும் பொருத்து வரிசை, பன்னிரண்டு மணிநேர வேலையை ஏறக்குறைய ஒன்றரை மணிநேரமாகச் சுருக்கிற்று. சலிப்புற்று விலகிய தொழிலாளரை நிறுத்த, 1914இல் நாட்கூலியை ஐந்து டாலராக்கினார். முன்னைக் கூலியினும் இருமடங்கு. ஆயின் அதனைப் பெறுவோரின் இல்லற ஒழுக்கமும் ஆராயப்பட்டது. வள்ளன்மையெனப் புகழ்ந்தோர் இதனை மறந்தனர் போலும்!

1919இல் மகன் எட்சலைத் தலைவராக்கினார். அதிகாரத்தையோ தம்மிடமே வைத்துக்கொண்டார். 'டி' மாடலுக்கு மாற்று வேண்டுமென 1926இல் எழுதித் தந்த எட்சலின் சகலர் கான்ஸ்லர், அவ்வாண்டே நிறுவனத்தைவிட்டு நீங்க நேர்ந்தது.

1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோனின் நெறி வேறு. பிரிவுதோறும் மேலாளர்க்கு உரிமை அளித்து, நிதியையும் கொள்கையையும் மட்டுமே தலைமையகத்தில் வைத்தார். வாங்குவோர் வசதிக்கேற்பப் பலவகைக் கார்களை விற்றார். ஒரே காரை நம்பிய ஃபோர்டு, 1.5 கோடி கார்களுக்குப் பின் 1927இல் 'டி' மாடலை நிறுத்தி, புதியது ஆயத்தமாகும்வரை மாதக்கணக்கில் உற்பத்தியின்றி இருந்தார்.

1943இல் எட்சல் மறைய, எண்பதை நெருங்கிய தந்தையே மீண்டும் தலைமையேற்றார். 1945இல் பேரன் இரண்டாம் ஹென்றியிடம் பொறுப்பை ஒப்படைத்து, 1947இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டே அப்பேரன், ஜெனரல் மோட்டார்ஸில் பயின்ற எர்னஸ்ட் பிரீச்சை அழைத்துவந்து, ஸ்லோனின் நெறியைத் தம் நிறுவனத்தில் புகுத்தத் தொடங்கியிருந்தார்.