ஜான் வான் நியூமன்

அரவை ஆலை எத்துணை விரைந்து சுழலினும், அருகிலுள்ள களஞ்சியம் சிறிதாயின், தானியம் வந்து சேரும்வரை அது வாளா நிற்க நேரும். கணிப்பொறியின் இயல்பும் அத்தகையதே. இவ்வுண்மையைத் தெளிந்து, பொறியின் நினைவகத்தைப் பெருக்க வழி வகுத்த பேரறிஞருள் ஒருவர் ஜான் வான் நியூமன் ஆவார்.

இவர் 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் செல்வம் மிக்க யூதக் குடியொன்றில் தோன்றினார். முன்னொருகால் கற்ற நூலைப் பல்லாண்டு கழித்தும் பிறழாது ஒப்பிக்கும் நினைவாற்றல் இவர்க்கு வாய்த்திருந்தது. 1930இல் அமெரிக்கா சென்று, 1933 முதல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தில் கணிதப் பேராசிரியராய் விளங்கினார்.

1944ஆம் ஆண்டுக் கோடையில், அபர்டீன் புகைவண்டி நிலையத்தில் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித அறிஞரைத் தற்செயலாய்க் கண்டு அளவளாவினார். அவர் வாயிலாக, பிலடெல்பியாவில் உருவாகிவந்த எனியாக் என்னும் கணிப்பொறியை அறிந்தார். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அப்பொறி நொடிக்கு 5,000 கூட்டல்கள் செய்ய வல்லது. ஆயினும், 20 எண்களையே தன்னகத்து இருத்தும். ஏனையவற்றைத் துளையட்டைகளிற் பொறித்து மீண்டும் ஊட்டல் வேண்டும். கணக்கு மாறுந்தோறும் கம்பிகளை மாற்றிப் பூட்டவே நாட்கள் சில கழியும்.

நினைவகத்தைப் பெருக்கி, எண்களோடு கட்டளைகளையும் அதன்கண் வைத்தலே தக்கது என்னும் கருத்து அக்குழுவினரிடையே முதிர்ந்தது. வான் நியூமன் அதனை 1945இல் அறிக்கையாக வரைந்தார். அவ்வறிக்கை அவர் பெயர் ஒன்றனையே தாங்கி வெளிவந்தது. எனியாக்கைச் சமைத்த எக்கர்ட், மாக்லி என்னும் இருவரும் தம் பங்கு மறைக்கப்பட்டதென வருந்தினர். அவர்தம் வருத்தத்தைக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு அழகன்று.

பிரின்ஸ்டனில் இவர் முயற்சியால் எழுந்த பொறி 1952இல் முற்றுப்பெற்றது. எனியாக்கினும் பன்மடங்கு குறைந்த குழாய்களே அதற்கு இருந்தன. நினைவகமோ 1,024 இடங்கள் உடையது. வானிலைக் கணக்கும் அதன்கண் நிகழ்ந்தது. உலகை அஞ்சுவிக்கும் ஹைட்ரஜன் குண்டிற்குரிய கணக்கும் நிகழ்ந்தது.

1955இல் புற்றுநோய் இவரைப் பற்றியது. மனித மூளையையும் கணிப்பொறியையும் ஒப்பிட்டு இவர் எழுதத் தொடங்கிய நூல் முற்றுப்பெறவில்லை. எண்களை விளையாட்டாய்க் கையாண்ட அறிவு மெல்லத் தேய்ந்தது. 1957 பிப்ரவரி 8ஆம் நாள், தம் 53ஆம் வயதில் வாஷிங்டனில் மறைந்தார்.

இன்று, இடமின்மையால் தளர்ந்த கணிப்பொறியில் நினைவகப் பலகையொன்றைக் கூட்டிய அளவில் அது புத்துயிர் பெறுதலைக் காண்கின்றோம். தம் நினைவு தேய்ந்தபோது அதனைக் கூட்டும் வழி அப்பேரறிஞர்க்கும் கிட்டிற்றிலது. ஆதலின், மாணவத் தோழர்காள், நினைவு நம்மிடத்து நிலைத்துள்ளபோதே நல்லன கற்று, அவற்றை நல்வழியிற் பயன்படுத்துவோமாக.