வ.உ.சி. நம்பிப் பதிப்பித்த போலி நூல்: 'இன்னிலை' கதை தெரியுமா?

கப்பல் ஓட்டினார், செக்கிழுத்தார். வ.உ.சி. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இந்த ரெண்டும்தான். ஆனா, அவர் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தவரும்கூட. அந்தத் தேடலில் ஒரு போலி நூலும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

சிறைக்குப் பிறகு

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் கைதானார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனியும் இல்லை, வக்கீலாகத் தொழில் செய்ய அனுமதியும் இல்லை. வறுமையிலும் தமிழை விடவில்லை. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு அச்சிட்டார். அதே ஆண்டு, தானே உரை எழுதி இன்னொரு நூலையும் கொண்டுவந்தார். அதுதான் 'இன்னிலை'.

ஏன் நம்பினார்?

பதினெண்கீழ்க்கணக்கு என்பது 18 நூல்களின் தொகுப்பு. அவற்றின் பெயர்களைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டு. அதில் இன்னிலை, கைந்நிலை என்ற ரெண்டு சொல்லுமே வருது. 18-வது நூல் எது என்பதில்தான் குழப்பம். ரெண்டு நூலையுமே அப்போது அச்சில் யாரும் பார்த்ததில்லை.

போலி செய்பவருக்கு இதைவிட வசதி வேணுமா? பெயர் ஏற்கெனவே பிரபலம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி கிடையாது. பொய்கையார் பாடியது என்ற முத்திரையோடு 45 பாடல்கள் வந்து சேர்ந்தன. அறம், பொருள், இன்பம், வீடு என அழகான பகுப்பும் இருந்தது.

எப்படி வெளுத்தது?

1931-ல் இ.வை.அனந்தராமையர் கைந்நிலையைப் பதிப்பித்தார். மொத்தம் 60 பாடல்கள், அவற்றில் பல சிதைந்தவை. இதுதான் 18-வது நூல் என அறிஞர்கள் பலர் ஏற்றனர். வெண்பாவில் வரும் 'இன்னிலை' தனி நூலின் பெயரே இல்லை, முதுமொழிக்காஞ்சிக்குத் தந்த அடைமொழி என்ற விளக்கமும் வலுத்தது. அதாவது, இல்லாத நூலுக்குத்தான் யாரோ பாடல்கள் எழுதியிருக்கிறார்கள்!

இன்னிலையைப் போலி என்றவர்களில் முக்கியமானவர் எஸ்.வையாபுரிப் பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்ததில் வ.உ.சி.யோடு சேர்ந்து உழைத்தவர் அவர். நட்பு வேறு, ஆய்வு வேறு என்பதில் உறுதியாக இருந்தார்.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. மறைந்தார். இன்னிலை விழுந்ததால் அவர் உழைப்பு விழவில்லை. மணக்குடவரும் இளம்பூரணரும் இன்றும் நம் கையில் இருப்பதில் அவருக்கும் பங்குண்டு. அடுத்த முறை பழைய பட்டியல் ஒன்றில் கைந்நிலைக்குப் பதில் இன்னிலை இருந்தால், காரணம் இதுதான்.