லூயி பாஸ்டர் எழுதிய நுழைவுத் தேர்வு

வெறிநாய்க்கடிக்கு 1885 ஆம் ஆண்டில் தடுப்பு மருந்து அளித்து உலகப் புகழ் பெற்ற லூயி பாஸ்டரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அரசுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு, அவர் நுழைவுத் தேர்வு எழுதிய கதைதான் அதிகம் பிடித்தது.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்சு நாட்டில் பிறந்தார். தந்தை ஆர்புவா என்ற சிற்றூரில் தோல் பதனிடும் தொழில் செய்தார். மகன் ஆசிரியராக வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்கேற்ற இடம் பாரிஸில் இருந்த எக்கோல் நார்மால் என்னும் கல்லூரி. நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் போட்டியிடுவார்கள், இடமோ சிலருக்குத்தான்.

தேர்வுக்குத் தயாராக 1838 இல் பாரிஸ் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு எங்கள் வயது. வீட்டு ஏக்கம் தாளாமல் உடல் நலிந்தார். தோல் பட்டறையின் வாசனைக்குக்கூட ஏங்கினாராம்! தந்தையே வந்து அழைத்துப் போனார். எங்கள் விடுதித் தோழியர் இந்த இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை.

ஊர்ப்பக்கமே படித்தார். 1841 இல் கணிதப் பட்டத் தேர்வில் தோற்றார். மறு ஆண்டு தேறியபோது வேதியியலில் அவருக்குக் கிடைத்த மதிப்பீடு, சுமார் என்பதே. அதே 1842 இல் எக்கோல் நார்மாலின் முதற்கட்டத் தேர்விலும் தேறினார். பட்டியலில் இருந்தோர் 22 பேர். அவர் பெயர் பின்பாதியில் இருந்தது. வேறு யாராயினும் கிடைத்ததே போதுமென்று மேற்கொண்டு போயிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம். பாஸ்டர் அந்த இடம் தமக்குப் போதாதென்று விலகி, அடுத்த ஆண்டு முதலிலிருந்து எழுதத் துணிந்தார். மறுமுறை இடமே கிடைக்காமல் போயிருந்தால்?

முன்பு அழுதுகொண்டு திரும்பிய அதே பாரிஸ் விடுதிக்குச் சென்றார். காலை 6 மணிக்குச் சிறு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்ததால் விடுதிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கே செலுத்தினார். மற்ற நேரமெல்லாம் படிப்பு. சோர்போனில் தூமா என்னும் பேராசிரியர் ஆற்றிய வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்க நூற்றுக்கணக்கானோர் கூட்டத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார். சுமார் என்று மதிப்பிடப்பட்ட பாடம் உயிரானது அங்கேதான்.

1843 இல் மீண்டும் எழுதினார். நான்காம் இடம்! கல்லூரி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போதே பாரிஸ் வந்து அனுமதி கேட்டார். மற்றவர்கள் விடுமுறையில் இருக்க, ஆளில்லாத படுக்கைக் கூடத்தில் அவர் மட்டும் படுத்துறங்கினார்.