நிகண்டுக் கதவைத் திறந்தவர்

1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, நம் கோவில்பட்டிக் கரிசலில், காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார், வீரமாமுனிவர் ஆனார். சமயம் பரப்ப வந்தவர்தாம், மறைப்பானேன்?

அந்நாளில் பாடமென்றால் மனப்பாடம்! சொல்லுக்குப் பொருள் வேண்டுமா? நிகண்டுச் செய்யுளை நெட்டுருப் போட்டிருக்க வேண்டும். அதற்கு ஓய்வு வேண்டும், ஆசான் வேண்டும். ஏர் பிடித்தவன் பிள்ளைக்கு ஏது இரண்டும்?

1732-இல் சதுரகராதி தந்தார் முனிவர். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி. சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். எழுத்தறிந்த எவனும் தானே தேடலாம் என்றாயிற்று. குறில் நெடில் மயக்கம் தீர ஏகார, ஓகார வடிவங்களையும் திருத்தினார். 1747-இல் மறைந்தார்.

இன்று புதூர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் பொருள் தேடுகின்றனர். கைப்பேசி வாங்க வழியற்ற தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் மட்டும் நெட்டுருவிலேயே நிற்பதா? பள்ளிக்கூடமே அவளுக்குக் கருவி தர வேண்டும் என்கிறோம் நாம்.