ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா சரிதை

நிதித்துறையில் உத்தியோகம் நாடும் நம் வாலிபர்கள், வியாபார நிர்வாகப் பட்டம் பெறுவதோ, பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்கு உழைப்பதோ, இரண்டில் எது தக்கதென்று நம்மை அடிக்கடி வினவுகின்றனர். காசிமேட்டுப் பெற்றோருக்கு இது சிறு கவலையன்று. மேற்படிப்பென்பது கடன் வாங்கிச் செய்யவேண்டிய காரியமாயிருக்கின்றது. ஆதலின், வியாபாரக் கல்வி, பொருளாதார ஆராய்ச்சி ஆகிய இரு வழியிலும் நடந்து பார்த்த தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம். அவர் நம் குலத்தினர் அல்லர், அதனாற் குறையொன்றுமில்லை.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். அக்காலத்துப் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனிற் கணக்காய்வுத் தொழில் கற்றுத் தேறி, பம்பாயில் அத்தொழிலைச் சொந்தமாக நடத்தினார். பின்னர் 1927-இல், 35 வயதில், அமெரிக்கா சென்று ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகப் பட்டம் பெற்றார். அவ்வளவில் திரும்பியிருப்பின் பெருந்தனவந்தராய் வாழ்ந்திருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம்.

அவரோ கொலம்பியா சர்வகலாசாலையில் ஸெலிக்மன் என்னும் பேராசிரியரிடம் அரசாங்க நிதிநூல் பயின்றார். இந்தியா ஏழ்மையுற்ற காரணம் பற்றி அவர் ஒரு தேவாலயத்தில் ஆற்றிய சொற்பொழிவு பத்திரிகையில் வெளிவர, அதைக் கண்ட ஆசிரியர் அதனையே ஆராயுமாறு ஏவினார். கம்பெனிகளின் பேரேட்டைப் பார்த்துப் பழகிய கண் தேசத்தின் பேரேட்டைப் பார்க்கலாயிற்று. குடியானவனிடம் வாங்கிய வரி, அவனுக்குத் திரும்பாமல் இராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் போயின வகையை அதிற் கண்டார்.

டாக்டர் பட்டத்துக்கு அவர் காத்திருக்கவில்லை, எம்.ஏ.வுடன் 1929-இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு மே 9-ஆம் நாள் சபர்மதியிற் காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அவ்வாராய்ச்சியை 'யங் இந்தியா'விற் பிரசுரித்ததன்றி, குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களை வீடுவீடாகக் கணக்கெடுக்கவும் அவரை அனுப்பினார்.

நம் துறைமுகத்திலும் அத்தகைய கணக்கொன்று வேண்டியிருக்கின்றது. டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் தந்தவர், ஏலத்தில் கமிஷன் கழித்தபின், வலையிழுத்தவன் கையில் மிஞ்சுவது யாது? பாங்கியிலோ கம்பெனியிலோ விரைவில் அமரவேண்டியவனுக்கு வியாபாரப் பட்டமே போதும். இத்தகைய வினாக்களை ஆயுளெல்லாம் துருவ விழைபவனே, பல்லாண்டு வருவாயின்மையைத் தாங்க வீட்டாரும் இசைந்தால், டாக்டர் பட்டத்தை நாடலாம்.

1934-இல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பா மேற்பார்த்தார். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணாவே உணவுச் செலவென்று விதித்திருந்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் அங்கு வந்தபொழுது, அவர்கள் செலவை அந்நிதியிலிருந்து தர இயலாதென மறுத்துவிட்டார். அடிகள் அதனை ஏற்றுக்கொண்டார். கணக்கர் பலரை நாம் அறிவோம், இப்படியொருவரைக் கண்டதில்லை.

அவ்வாண்டே அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் அவர் பொறுப்பில் வந்தது. பின்னர்ச் சிறையிலிருந்து நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றி நூலொன்று எழுதினார். எச்சர்வகலாசாலையும் தராத டாக்டர் பட்டத்தை, அந்நூலின் முன்னுரையில், கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று காந்தியடிகள் அவருக்குச் சூட்டினார். மணம் செய்துகொள்ளாத அவர், இறுதிக் காலத்தை மதுரை ஜில்லா கல்லுப்பட்டியிற் கழித்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் காலமானார்.